‘ஷாவோலின் சாக்கர்’ ஜாக்கி சான் படம் அல்ல

பந்து தீப்பிடித்துப் பறக்கும் ஒரு காட்சித் துண்டு, "ஜாக்கி சானின் கால்பந்துப் படம், நடித்தவர்கள் நிஜ ஷாவோலின் துறவிகள், கிராஃபிக்ஸ் கிடையாது" என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அது 2001இல் வெளிவந்த ஹாங்காங் படமான ‘ஷாவோலின் சாக்கர்’. இயக்கி, இணைந்து எழுதி, நாயகனாகவும் நடித்தவர் ஸ்டீபன் சோ. ஜாக்கி சான் இதில் இல்லவே இல்லை. குங்ஃபூவும் நகைச்சுவையும் சேர்ந்தாலே அவர் பெயரைப் போட்டுவிடுவது சோவுக்குச் செய்கிற அநியாயம். 2002 ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், நடிகர் என முக்கிய விருதுகளை அள்ளிய படம் இது.

சரி, குங்ஃபூவுக்குப் பேர்போன சீனாவின் ஷாவோலின் மடத்துத் துறவிகள்? அணியில் இருப்பவர்கள் நடிகர்கள். கதைப்படி அவர்கள் ஷாவோலின் கலை பயின்று, பிறகு பிழைப்புக்காகச் சிதறிப்போன சகோதரர்கள். ப்ரூஸ் லீயை அப்படியே உரித்து வைத்த கோல்கீப்பராக வருபவர் டேனி சான். 2008இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் ப்ரூஸ் லீயாகவே நடித்தார்.

கிராஃபிக்ஸ் இல்லை என்பதுதான் பெரிய பொய். இந்தப் படம் அதே விழாவில் காட்சி விளைவுகளுக்கான விருதையும் வாங்கியது! தீப்பந்தும் புயலாய்ச் சீறும் உதையும் கணினியில் உருவானவை. ஆட்கள் அந்தரத்தில் பறப்பது, உடலில் கம்பி கட்டித் தூக்கும் வேலை. சண்டைக் காட்சிகளை அமைத்தவர் சிங் சியூ-டுங். அந்த உழைப்பை இல்லை என்று சொல்லும் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.