அடிகுழாய்க்கு ஐந்தாவது வருடம் என்ன ஆகிறது?

புதிய அடிகுழாய் திறப்பு விழாப் படங்கள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன. பீறிட்டு வரும் தண்ணீர், கை நீட்டும் குழந்தைகள், ஓரத்தில் பணம் தந்த தொண்டு நிறுவனத்தின் பெயர்ப்பலகை. அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அதுவரை தலையிலும் இடுப்பிலும் தண்ணீர் சுமந்தவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய நாள். ஆனால் ஐந்து வருடம் கழித்து அதே இடத்துக்குப் போய் யாராவது படம் எடுத்தார்களா என்பதுதான் ஒவ்வொரு முறையும் எனக்குள் எழும் கேள்வி.

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் அடிகுழாய்களைப் பற்றி 2009இல் ஒரு கணக்கு திரட்டினார்கள். மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலானவை வேலை செய்யாமல் கிடந்தன. ஏன் என்று தேடிப்போனால், பல இடங்களில் கடைசியில் கைக்குக் கிடைப்பது ஒரு வாஷர்.

நாள் முழுக்க ஊரே கைப்பிடியை அழுத்தினால் உள்ளே பிஸ்டனில் இருக்கும் வாஷர் தேயத்தான் செய்யும். 1970களில் இந்தியாவில் யூனிசெஃப் துணையோடு உருவாகி உலகின் பல நாடுகளுக்குப் போன இந்தியா மார்க் 2 குழாயில் அதை மாற்ற வேண்டுமென்றால், நிலத்துக்குள் இறங்கியிருக்கும் இரும்புக் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்குக் குழாயைத் தூக்க மூன்று கால் சட்டம் வேண்டும், ஆட்கள் வேண்டும், அவர்களை ஏற்றிவர வண்டி வேண்டும். இந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் குழாயை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும்படி மார்க் 3, அஃப்ரிதேவ் போன்றவற்றை வடிவமைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் வாஷர் வாங்கவே ஒரு நாள் பயணம் போக வேண்டிய ஊரில் எந்த வடிவமைப்பும் பாதி விடைதான். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருக்கும் இடங்களில் இன்னொரு தொல்லை: துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் அரித்துப்போய், தண்ணீர் செம்பழுப்பாக, துருவாடையோடு வருகிறது. வாயில் வைக்க முடியாமல் மக்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பழுதானால் யார் சரிசெய்வது என்று கேட்டால், எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் ஒரே பதில்: கிராமத் தண்ணீர்க் குழு. ஊரில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, ஒருசில நாள் பயிற்சி கொடுத்து, ஒரு ஸ்பேனரைக் கையில் தந்துவிட்டு, இனி இது உங்கள் சொத்து என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இதற்கு ‘சமூக உரிமை’ என்று அழகான பெயர் வேறு. இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பணக்கார நகரத்தில் குழாய் உடைந்தால் தெருக்காரர்களைக் கூட்டிப் பள்ளம் தோண்டச் சொல்கிறோமா? அங்கே சம்பளம் வாங்கும் ஊழியர் வருகிறார். கூலி வேலைக்குப் போய்த் திரும்பி, விறகு சேர்த்து, பிள்ளைக்குச் சோறு போட்ட பிறகு, சம்பளமில்லாத மெக்கானிக்காகவும் இருக்க வேண்டியவள் ஏழைப் பெண் மட்டும்தானா?

மக்கள் பங்கேற்பே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 1980இல் பாகிஸ்தானின் கராச்சியில், ஒராங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீது கான் தொடங்கிய முயற்சியில், குடியிருப்பவர்களே காசு போட்டுத் தங்கள் சந்துகளில் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். ஆனால் அங்கே வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. வீடும் சந்தும் மக்கள் பொறுப்பு. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நாம் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் கோளாறு. குடிநீர் இல்லாதவர்களின் விகிதத்தைப் பாதியாகக் குறைக்கும் ஐ.நா.வின் புத்தாயிரம் ஆண்டு இலக்கு 2010இலேயே எட்டப்பட்டுவிட்டதாக 2012இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்கு பார்த்தது எந்த வகை நீராதாரம் என்பதை மட்டுமே. அதில் வரும் தண்ணீர் சுத்தமா, தினமும் வருகிறதா என்பதை அது பார்க்கவில்லை. இப்போதைய அளவுகோல் நேர்மையானது: தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே இருக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், மாசில்லாமல் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காதவர்கள் 210 கோடிப் பேர். பாதுகாப்பான கழிப்பறை வசதி இல்லாதவர்கள் 340 கோடி. வீட்டில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இல்லாதவர்கள் 170 கோடி.

மாசு என்றதும் வங்கதேசம் நினைவுக்கு வருகிறது. குட்டைத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் இறப்பதைத் தடுக்க லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1990களில்தான் அவற்றில் பலவற்றில் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் இருப்பது தெரிந்தது. பிறகு ஏறக்குறைய 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். மகத்தான வேலை. ஆனால் பூசிய வண்ணம் மங்கியது, புதிய கிணறுகள் தோண்டப்பட்டன, சோதனையோ அதே வேகத்தில் தொடரவில்லை. தண்ணீரைப் பார்த்தோ குடித்தோ ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய்க்கு இருந்த ஒரே எச்சரிக்கை அந்த வண்ணம்தான்.

கழிப்பறையிலும் இதே கதை. கட்டி முடித்த அன்று ‘ஒரு குடும்பம் பயன்பெற்றது’ என்று எழுதிவிடலாம். சில வருடங்களில் குழி நிரம்பும். அள்ள வண்டி வராது, கொட்ட இடமிருக்காது. கதவைச் சாத்திவிட்டு அந்தக் குடும்பம் மறுபடி இருட்டும் நேரத்துக்காகக் காத்திருக்கும், குறிப்பாகப் பெண்கள்.

வழி இல்லாமல் இல்லை. கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடிகுழாய்களின் கைப்பிடிக்குள் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். குழாய் எவ்வளவு இயங்குகிறது என்பதை அது குறுஞ்செய்தியாக அனுப்பும். நின்றுபோனால் சம்பளத்துக்கு வேலை செய்யும் மெக்கானிக் கிளம்பி வருவார். முன்பு சராசரியாக ஏறக்குறைய 27 நாள் கிடந்த பழுது மூன்று நாளுக்குள் சரியானது. வருடம் முழுக்கச் சம்பளமும் உதிரி பாகங்களும் தர யாராவது சம்மதித்தால் போதும். அந்தச் செலவுக்குத்தான் பணம் தர ஆளில்லை. வாஷர் மாற்றிய மெக்கானிக்கின் பெயரில் திறப்பு விழா நடத்த முடியாதே.

சில வருடங்களாக ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சிறு தொகை அனுப்பி வருகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் அமைத்த குழாய்களில் இன்று எத்தனை ஓடுகின்றன என்று சென்ற வருடம் கேட்டு எழுதினேன். புதிய குழாயின் படம் ஒன்று வந்தது. இந்த வருடப் பணத்தைப் பழுதுபார்ப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அந்த எண்ணிக்கையையும் சொல்லுங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். நீங்களும் யாருக்காவது அனுப்புகிறவர் என்றால், இதே கேள்வியை அவர்களிடம் கேளுங்கள்.