64, 127, அப்புறம் ஒரு ஈபி மாமா

ராயக்கோட்டை ரோட்டில் ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டினார்கள், எங்கள் தெருவின் ஃபைபர் கேபிள் போயே போச்சு. அன்றைக்குத் தேதி 10. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். சரி, கையில்தான் போன் இருக்கிறதே என்று ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

போனில் வீடியோ தண்ணீர் மாதிரி ஓடுகிறது. லேப்டாப்பில் ஜிஎஸ்டி தளத்தின் லாகின் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யூஎஸ்பி கேபிள் போட்டுப் பார்த்தேன், அதே கதை. அன்லிமிடெட் 5ஜியை அணைத்து, தினசரி 2 ஜிபியில் கழிகிற 4ஜிக்கு மாற்றினேன். அப்போதும் போன் பறக்கிறது, லேப்டாப் தவழ்கிறது. கஸ்டமர் கேரில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னார்: "உங்க பிளான் ஹேண்ட்செட் யூசேஜுக்கு மட்டும்தான் சார்." (நிறுவனத்தின் பெயர் வேண்டாம், விடுங்கள்.)

நான் லேப்டாப் வைத்திருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்று ராத்திரி இதைத்தான் தோண்டினேன்.

இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், அதன் ஆயுள் மாதிரி. வழி தவறிய பாக்கெட் காலாகாலத்துக்கும் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, வழியில் அதை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு ரவுட்டரும் அந்த எண்ணில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட் குப்பைக்கு. ஆண்ட்ராய்டு, ஐபோன், மேக் எல்லாம் 64-ல் தொடங்கும். விண்டோஸ் 128-ல். போன் தானாக அனுப்பும் பாக்கெட் நிறுவனத்தின் வாசலுக்கு 64 ஆகவே போய்ச் சேரும். ஹாட்ஸ்பாட் போட்டால் போனே ஒரு ரவுட்டர் ஆகிவிடுகிறது, அதுவும் ஒன்றைக் கழிக்கிறது. 128 என்பது 127 ஆகிறது, மேக்காக இருந்தால் 63. போனிலிருந்தே கிளம்பிய பாக்கெட்டில் 127 வர வழியே இல்லை. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ரசீதைப் பார்த்தே வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிற மாதிரிதான்.

வேறு வழிகளும் உண்டு. விண்டோஸ் இணைப்பு கிடைத்ததும் நெட் இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். உள்ளே என்ன படிக்கிறோம் என்பதைப் பூட்டி வைத்தாலும், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும். சில போன்கள் ஹாட்ஸ்பாட்டுக்கென்றே தனி ஏபிஎன், அதாவது நெட்வொர்க்குக்குள் நுழையும் தனி வாசல் வழியாகப் போகும். அதாவது நம் போனே நம்மைப் போட்டுக்கொடுத்துவிடும்!

மறுநாள் காலையில் இதைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் புலம்பினேன். ஈபியில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். "இதுல என்ன மாப்ள தப்பு? மோட்டார் சர்வீஸ்ல இருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்தா நாங்க சும்மா விடுவோமா?" என்றார்.

யோசிக்க வைத்த கேள்வி. ஆனால் மோட்டார் கரண்ட் விவசாயத்துக்கென்று அரசு இலவசமாகக் கொடுப்பது. என் 2 ஜிபி அப்படியா? எண்ணி வாங்கியது, காசு கொடுத்து வாங்கியது. சொசைட்டியில் ஒரு லிட்டர் பால் வாங்கினால், அதில் டீ போடுகிறேனா தயிர் உறைய வைக்கிறேனா என்று பால்காரர் கேட்பதில்லை. 2 ஜிபி தீர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள், அது பேச்சு. தீரும் முன்னே எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறாய் என்று எட்டிப் பார்ப்பது எந்த நியாயம்?

அன்லிமிடெட் 5ஜி வேறு விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் அதில் நாலு கம்ப்யூட்டரை ஓட்டினால் டவரில் இருக்கிற மற்றவர்களுக்கு நெருக்கடி. அங்கே கட்டுப்பாடு வைக்கட்டும். ஆனால் "அன்லிமிடெட்" என்பதைப் போட்ட அதே சைஸ் எழுத்தில் "லேப்டாப்புக்கு இல்லை" என்றும் போடட்டும்.

அமெரிக்காவில் இதே தகராறு வந்தது. ஹாட்ஸ்பாட் ஆப்களைத் தடுத்த விவகாரத்தில் 2012-ல் வெரிசான் என்ற செல்போன் நிறுவனம் 12.5 லட்சம் டாலர் கட்டி, அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியோடு சமரசம் செய்துகொண்டது. அளவு வைத்து டேட்டா வாங்குபவர்கள் கூடுதல் காசில்லாமல் லேப்டாப்பை இணைக்கலாம் என்று ஆனது. நம் ஊர் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2016-ல் போட்ட விதி, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்கிறது. எந்தக் கருவியில் பார்க்கிறோம் என்பது அதற்குள் வரவில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி.

என் வேலை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். லேப்டாப்பில் ஒரே ஒரு வரிக் கட்டளை, 128-ஐ 65 ஆக்கினேன். போன் ஒன்றைக் கழித்தால் 64. மதியத்துக்குள் ரிட்டர்ன் போய்விட்டது. எல்லா இடத்திலும் இந்த வேலை பலிக்கும் என்று நினைக்காதீர்கள், மற்ற வழிகளில் பார்த்தால் மாட்டிக்கொள்வோம்.

சாயங்காலம் மாமா தன் போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "எனக்கும் அந்த 65-ஐப் போட்டுக் குடு மாப்ள, நெட்டு ஸ்லோவா இருக்கு." அவரிடம் லேப்டாப்பே கிடையாது.