ராயபுரம் இந்தியாவின் முதல் ரயில் நிலையமா?

சென்னை ராயபுரம் ரயில் நிலையத்தின் படத்துடன், "இந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது" என்ற செய்தி அடிக்கடி பகிரப்படுகிறது. இது தவறு.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணே வரை, சுமார் 34 கிலோமீட்டர் ஓடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் விடப்பட்டது. ராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்ததோ 1856 ஜூன் 28 அன்று. அங்கிருந்து ஆற்காடு எனப்பட்ட வாலாஜா ரோடு வரையிலான பொதுச்சேவை ஜூலை 1 அன்று தொடங்கியது. ஆகவே அது தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமே தவிர, நாட்டின் முதல் நிலையம் அன்று.

இக்குழப்பத்திற்கு ஒரு காரணம் உண்டு. போரிபந்தரின் பழைய நிலையம் இன்று இல்லை. 1878இல் கட்டத் தொடங்கிய விக்டோரியா டெர்மினஸ் அதற்கு மாற்றாக எழுந்தது. தாணேயின் முதல் கட்டடமும் எஞ்சவில்லை. எனவே நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்று ராயபுரத்தைக் குறிப்பிடுகிறார்கள். 'எஞ்சியிருப்பவற்றுள் பழையது' என்பது பகிரப்படப் பகிரப்பட 'முதலாவது' ஆகிவிட்டது போலும்.

சென்னைக்கு முதலிடம் தேடுவோர் செங்குன்றத்தைப் பார்க்கலாம். சாலை அமைக்கக் கல் ஏற்றிச் செல்ல அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை நோக்கி 1837 அளவிலேயே இருப்புப்பாதை போடப்பட்டது. ஆனால் அது பயணிகளுக்கானது அன்று.