செவெலுக்கு 454 வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்

1970ஆம் ஆண்டு செவர்லே செவெல் மாலிபு ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர், அதில் எந்த இஞ்சினைப் பூட்டலாம் என்று கேட்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து அந்தக் காரோடு வந்த 307 கன அங்குல இஞ்சின் எப்போதோ கைமாறிப் போய்விட்டதால், மூல இஞ்சினைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் மனம் 454 கன அங்குல பிக் பிளாக்கில், அதாவது செவர்லேயின் பெரிய வகை வி8 இஞ்சினில் நிற்கிறது. சாலையில் ஓட்டுவதற்கான கார் என்றால் அது வேண்டாம் என்பதே என் கருத்து.

454 மீதான மயக்கம் எல்எஸ்6 என்ற ஒரே இஞ்சினிலிருந்து வருகிறது. 1970 செவெல் எஸ்எஸ் காரில் கூடுதல் விலைக்குக் கிடைத்த அதற்கு 450 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி முறுக்குவிசை என்று செவர்லே அறிவித்தது. அது காருக்குரிய ஏர் கிளீனர், சைலன்சர் போன்றவை இல்லாமல் சோதனை மேடையில் அளந்த மொத்தத் திறன். 1972 முதல்தான் அமெரிக்க நிறுவனங்கள் இவையெல்லாம் பூட்டப்பட்ட நிலையில் அளந்த நிகரத் திறனைக் குறிப்பிடத் தொடங்கின. இடைப்பட்ட 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டபோது, எல்எஸ்5 வகை 454 இஞ்சினுக்கு மொத்தத் திறன் 365 என்றும் நிகரத் திறன் 285 என்றும் இருந்தது. ஒரே இஞ்சின், ஒரே ஆண்டு, அளக்கும் முறை மாறியதில் 80 குதிரைகள் காகிதத்திலிருந்தே ஓடிப்போயின. அந்தக் கால விளம்பர எண்ணை இன்றைய காரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மேலும், நண்பருக்குக் கிடைக்கப்போவது எல்எஸ்6 அன்று. பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் 454களில் பெரும்பாலானவை பாரம் இழுக்கும் பிக்கப் வண்டிகளிலிருந்து கழற்றியவை. அழுத்த விகிதம் (எரிகலவை சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு) குறைந்தவை, சிலிண்டர் ஹெட்டின் காற்று வழிகள் சிறியவை. எல்எஸ்6க்கு இணையாக 11.25 என்ற அழுத்த விகிதத்துக்கு உயர்த்தினாலோ, இன்று சாதாரண பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் எரிகலவை நேரம் தவறி வெடித்து இஞ்சின் தட்டத் தொடங்கிவிடும்.

எடை அடுத்த சிக்கல். இரும்பால் வார்த்த பிக் பிளாக், செவர்லேயின் சிறிய வகை வி8 ஆன ஸ்மால் பிளாக்கைவிட ஏறத்தாழ 50 கிலோ கூடுதல். அந்த எடை முழுவதும் முன் அச்சின் மீது விழுகிறது. முன் சுருள்வில்லை மாற்ற வேண்டும், பெரிய ரேடியேட்டர் வேண்டும், போக்குவரத்து நெரிசலில் வெப்பமானியின் மீதே கண்ணை வைத்திருக்க வேண்டும். சாதாரண மாலிபு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கோடு வந்த கார். அதை நிறுத்தும் திறனைப் பற்றி யோசிக்காமல் ஓடும் திறனைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை.

நான் சொல்லும் மாற்று 383 கன அங்குல ஸ்மால் பிளாக். செவர்லேயின் 350 பிளாக்கின் 4 அங்குல சிலிண்டர் விட்டத்தை 4.03 அங்குலமாகக் கடைந்து, 400 இஞ்சினுக்குரிய 3.75 அங்குல வீச்சுள்ள (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) கிராங்க்ஷாஃப்ட்டைப் பூட்டினால் கிடைப்பது அது. முன்பு 400இன் கிராங்க் அச்சுகளைக் கடைந்து சிறிதாக்க வேண்டியிருந்தது. இப்போது 350 பிளாக்கில் நேரடியாக அமரும்படி செய்த கிராங்குகளே விற்பனைக்கு வருகின்றன. நீண்ட வீச்சினால் குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை எழுகிறது என்பதுதான் இதன் சிறப்பு. நல்ல ஹெட்களும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் மிதமானதாகவும் இருந்தால் 400 பவுண்டு-அடியைத் தாண்டுவது கடினமன்று. சாலையில் ஒரு கார் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நிமிடத்துக்கு 1,500 முதல் 3,500 சுழற்சிக்குள்தான் கழிக்கிறது. 6,500 சுழற்சியில் விழித்துக்கொள்ளும் இஞ்சினால் சிக்னலில் நிற்பவருக்கு என்ன பயன்?

கேம்ஷாஃப்ட்டில்தான் பலரும் பேராசைப்படுகிறார்கள். வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம், நின்ற இடத்தில் காரைக் குலுக்கிக் காதுக்கு இனிமையான ஓசை தருகிறது என்பது உண்மை. ஆனால் அப்போது இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் குறைந்து, பவர் பிரேக்கின் உதவி போய்விடுகிறது. குறைந்த சுழற்சியில் இஞ்சின் சோர்கிறது. ஒரு படி சிறிய கேமைத் தேர்ந்தெடுப்பவர் பின்னாளில் வருந்துவதில்லை. முடிந்தால் கேமின் மீது உருளும் ரோலர் டேப்பெட்டுகளே போடுங்கள். தட்டையான பழைய வகைக்குத் துத்தநாகம் மிகுந்த ஆயில் வேண்டும், இன்றைய கார்களுக்கான ஆயில்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் நவீன எல்எஸ் குடும்பத்து வி8 இஞ்சினைப் (பெயர் ஒத்திருந்தாலும் மேலே சொன்ன எல்எஸ்5, எல்எஸ்6 வேறு) போட்டுவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1997இல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 முதல் இன்றுவரை, சாவியைத் திருப்பியவுடன் உயிர்பெறும் அந்த இஞ்சின்களைக் குறைசொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பிக்கப்பிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் இஞ்சின் மலிவாகவே கிடைக்கும். செலவு இஞ்சினில் இல்லை: உயர் அழுத்த எரிபொருள் பம்பு, கணினி, ஒயரிங், ஆயில் பான், மவுண்ட்கள், எக்ஸாஸ்ட் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் நீள்கிறது. முழுத் தொகையும் கையில் உள்ளவர் செய்யட்டும். பாதியில் பணம் தீர்ந்து தார்ப்பாயின் கீழ் கிடக்கும் கார்களில் இத்தகையவை நிறைய.

என் வாதம் எல்லா மசில் கார்களுக்கும் (பெரிய வி8 பூட்டிய அந்தக் கால அமெரிக்கக் கார்கள்) பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பான்டியாக் நிறுவனம் ஸ்மால் பிளாக், பிக் பிளாக் என்று பிரித்ததில்லை; அதன் 326 முதல் 455 வரையிலான வி8 இஞ்சின்களின் வெளியளவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பான்டியாக்கின் ஜிடிஓ கார் வைத்திருப்பவர் 455 கேட்டால் தயங்காமல் ஆமென்பேன். அங்கே பெரிய இஞ்சினுக்காக முன்பக்க எடையில் விலை கொடுக்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே பிக் பிளாக்கோடு பிறந்து, அதே எண் பொறித்த இஞ்சினோடு இன்றும் இருக்கும் செவெலும் விதிவிலக்கே. அதிலிருந்து அந்த இஞ்சினைக் கழற்றி விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இஞ்சினோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மூன்று கியர் கொண்ட டர்போ 350 கியர்பாக்ஸோடு 4.10 பல்விகிதம் கொண்ட பின் அச்சைப் போட்டால், 26 அங்குல டயரில் மணிக்கு 100 கிலோமீட்டர் செல்லும்போது இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,300 முறை சுழல்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலிதான் மிஞ்சும். வலுப்படுத்திய 700ஆர்4 கியர்பாக்ஸில் இஞ்சினின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் இருப்பதால், 3.73 அச்சோடும் அதே வேகத்தில் சுழற்சி 2,100 அளவில் நிற்கிறது. 383க்கு இந்த இணைதான் நான் பரிந்துரைப்பது.

நண்பர் இஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் புதிய ரேடியேட்டரும் வாங்கிவிட வேண்டும். எந்த இஞ்சின் வந்தாலும் அவை இரண்டும் தேவைப்படும்.