மென்பொருள் இலவசம், பக்கம் ஊமை
திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதால் பார்வையற்றோருக்கு இணையத்தில் இனித் தடையில்லை என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை, கோத்தகிரியில் அதே திரைவாசிப்பானைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்தில் எழுத்தாக இருப்பதைத்தான் அது பொதுவாகப் படிக்கும். சென்ற மாதம் குன்னூரில் ஒரு விடுதியில் அறை பதிவுசெய்ய முயன்றபோது, தேதிக் கட்டத்துக்கும் பணம் செலுத்தும் இடத்துக்கும் திரைவாசிப்பான் படிக்கும்படி பெயரே இடப்படாததால், ‘பொத்தான், பொத்தான்’ என்பதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் தம்பி மகனை அழைத்துத்தான் முடித்தேன். தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையைச் சேராத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய அறிவிப்புகளில், கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், என் காதில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று விழுகிறது (இதை நான் சொன்னால் பலர் நம்புவதில்லை). தாளை வருடி (ஸ்கேன் செய்து) படமாக எடுத்த பிடிஎஃப் என்றால் அதுகூட இல்லை, வெறும் மௌனம்தான். திரைவாசிப்பான் படிப்பதற்காகப் படங்களுக்குப் பின்னே எழுத்தில் விளக்கம் எழுதுவது வீண்வேலை என்று மேலே கருத்திட்டிருக்கும் நண்பர், அலைபேசிச் சமிக்ஞை தேய்ந்துபோகும் எங்கள் மழைக்காலத்தில் படம் இறங்காதபோது, பார்வையுள்ளவர்களுக்கும் அந்த விளக்கமே திரையில் தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. எண்ம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது. அந்த விடுதியின் பொத்தான்களுக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கப்படவில்லை.