மாடிக்கு முன்னால் மின்சாரம்

உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில் இறங்குதளம் கட்டினால் கோலாலம்பூருக்கு மின்சார வான் டாக்சி வந்துவிடும் என்பதுபோல் உங்கள் கட்டுரை சொல்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

நான் கட்டடங்களில் சார்ஜ்மேனாக, அதாவது மின் அமைப்புகளைக் கவனிக்கும் பொறுப்பாளராக, வேலை பார்க்கிறேன். பழைய கட்டடம் ஒன்றில், கீழே கார்களுக்கு நான்கு விரைவு சார்ஜர் வைக்கப் போனபோதே டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்று தெரிந்தது. புதிய கேபிள், புதிய சுவிட்ச் அறை என்று வேலை இழுத்துக்கொண்டே போனது. விமானியும் நான்கு பயணிகளும் ஏறும் வான் டாக்சியின் பேட்டரி இன்னும் பெரியது. அதுவும் இறங்கிய சில நிமிடங்களில் மறுபடி கிளம்ப வேண்டும். அவ்வளவு மின்சாரத்தை ஐம்பதாவது மாடிக்கு ஏற்றுவது லேசான காரியமா? அப்புறம் தீ. லித்தியம் பேட்டரி அணைந்த பிறகும் மறுபடி பற்றிக்கொள்ளும். மேலே அத்தனை தண்ணீர் வேண்டும்.

பிற்பகல் இடிமழை நம் ஊரில் அடிக்கடி வருவது. வானம் கறுத்தால் எங்கே திருப்பி இறக்குவது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங் விமான நிலையத்தில் தொடங்கலாமே. அங்கே ஓடுபாதை, தீயணைப்புப் படை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து அங்கே 2018இல் ஓடத் தொடங்கிய ரயில் 2023இல் நிறுத்தப்பட்டது. அந்த இணைப்பையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.