லட்ச ரூபாய் கிட்டாரும் பிளைவுட்தான்

ஹாலோபாடி, அதாவது வயிறு வெற்றாக இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார் மேல் ஆசை வைத்தவர்கள் எல்லோரும் என்றாவது இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கையில் இருக்கும் மலிவு எபிஃபோனையோ ஐபனெஸையோ பிக்கப் (கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் காந்தச் சுருள்), நட் (கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய துண்டு) எல்லாம் மாற்றித் தேற்றிக்கொள்வதா, இல்லை கடன் உடன் வாங்கியாவது ஒரு கிப்ஸன் எடுத்துவிடுவதா? இப்போது என் அக்கா மகன் வந்து நிற்கிறான். சரவணம்பட்டியில் ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பு, பண்டிகை சீசனில் நண்பர்களின் ஆர்கெஸ்ட்ரா. “ஏனுங்க மாமா, லோன் போட்டு ஈ.எஸ். 335 எடுத்துரலாமுங்களா?” என்றான்.

வேண்டாம் கண்ணு என்றேன். ஃபோனில் சொன்ன காரணங்கள் பாதி அவன் காதில் ஏறவில்லை என்பது தெரிந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

கிப்ஸன் ஈ.எஸ். 335-இன் மேல்பலகை முழு மரத்தில் செதுக்கியது அல்ல. மேப்பிள், பாப்லர், மேப்பிள் என்று மூன்று தகடுகளை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்தது. நம் ஊர் பாஷையில் பிளைவுட். ஜாஸ்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும், 1949-ல் வந்த ஈ.எஸ். 175-ம் பிளைவுட்தான். இதில் மட்டம் என்று ஒன்றும் இல்லை. பிக்கப் வைத்து சத்தமாக வாசிக்கிற கருவியில் மேல்பலகை ரொம்பத் துடித்தால் தொந்தரவு, ஒட்டுப்பலகை அதைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் கிப்ஸனின் மலிவு பிராண்டான எபிஃபோன் போடும் 335 வடிவமும் அதே மாதிரி ஒட்டுப்பலகை, அதே மாதிரி நடுவில் மரக்கட்டை. அமெரிக்காவிலேயே ஒன்று 3,000 டாலருக்கு மேல், மற்றது 1,000 டாலருக்குள். “மரமே வேறங்க” என்று கடையில் சொல்வதை நம்பி அந்த வித்தியாசத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, மரம் ஒரு இடத்தில் வேறுதான். கிப்ஸனின் ஃப்ரெட்போர்டு (கழுத்தில் விரல் வைக்கும் பலகை) ஈட்டி மரம், இப்போதைய எபிஃபோன்கள் பலவற்றில் ‘இந்தியன் லாரல்’. அந்த லாரல் வேறொன்றும் இல்லை, நம் கருமருதுதான். 2017-ல் ஈட்டி வகை மரங்களின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது கம்பெனிகள் மாற்று மரம் தேடி ஓடின. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தும் லாரல் நிலைத்துவிட்டது. ஈட்டியும் கருமருதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பக்கம் பக்கமாக வளர்கிற மரங்கள். அதில் ஒன்றை உயர்ந்த சாதி, இன்னொன்றைத் தாழ்ந்த சாதி என்று ஆனைமலையைப் பார்க்காதவர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

உண்மையில் பார்க்க வேண்டியது கிட்டாரின் வயிற்றுக்குள். 1936-ல் கிப்ஸன் ஈ.எஸ். 150 வந்த காலத்தில் பிரச்சினை, பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே கிட்டார் கேட்கவில்லை என்பது. பிக்கப் வைத்தார்கள், கேட்டது. ஆம்ப் பெரிதாகப் பெரிதாக அடுத்த பிரச்சினை வந்தது. ஸ்பீக்கர் சத்தம் வெற்று வயிற்றை உலுக்கும், கம்பி தானாக அதிரும், அதைப் பிக்கப் எடுத்து மறுபடி ஆம்புக்கு அனுப்பும், கடைசியில் ஒரே ஊளை. 1958-ல் 335-இன் நடுவே தலையிலிருந்து கால்வரை ஒரு மரக்கட்டையைக் கொடுத்தது அதற்காகத்தான். 1961-ல் வந்த எபிஃபோன் கேசினோ வெளியிலிருந்து பார்க்க 335-க்குத் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே கட்டை கிடையாது, முழு வெற்று.

இந்த ஒன்றை மட்டும் எந்த அப்கிரேடாலும் மாற்ற முடியாது. பிக்கப் மாற்றலாம், பிரிட்ஜ் மாற்றலாம், டியூனிங் கீ மாற்றலாம். கட்டை இல்லாத கிட்டாருக்குள் கட்டை வைக்கவோ இருப்பதை எடுக்கவோ முடியாது. ஆகவே பிராண்டைக் கேட்கும் முன் எங்கே வாசிக்கப் போகிறாய் என்று கேட்க வேண்டும்.

மாரியம்மன் பண்டிகை மேடையை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட், காலடியில் கிட்டாரைப் பார்த்தபடி மானிட்டர், மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தது எல்லாம் ஏற்றுவதுதான். அங்கே கேசினோ மாதிரி முழு வெற்றுக் கிட்டாரைக் கொண்டுபோனால் பாட்டு பாதியில் இருக்கும்போதே ஊளை கிளம்பும். போதாததற்கு அதில் இருப்பது பி-90, ஒற்றைக் காயில் பிக்கப். கரண்டு இரைச்சல் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு காயிலை எதிரெதிராக வைத்து அந்த இரைச்சலைக் கழிக்கும் ஹம்பக்கரை 1955-ல் கிப்ஸனில் சேத் லவர் உருவாக்கியதே இதற்காக. ஆர்கெஸ்ட்ராவுக்குக் கட்டை வைத்ததும் ஹம்பக்கரும் போதும், அது இவன் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் மீறி ஊளையிட்டால் ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங் வழி இருக்கிறது. அவர் எஃப் வடிவ ஓட்டைகளில் துணியை அடைத்து வாசித்தவர். 1980-ல் அவர் பெயரில் கிப்ஸன் வெளியிட்ட லூசில் மாடலில் அந்த ஓட்டையே கிடையாது. திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி போதும், உலகத்திலேயே மலிவான அப்கிரேடு.

காசு செலவு செய்வதானால் முதலில் நட், ஃப்ரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்). இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஏனென்றால் படம் எடுத்துப் போட முடியாது. மலிவு கிட்டாரில் பெரும்பாலும் பிளாஸ்டிக் நட்தான், அதன் பள்ளங்களை அவசரமாக வெட்டியிருப்பார்கள். கம்பி அதில் சிக்கிக்கொண்டு சுருதி விலகும், நாம் டியூனிங் கீயைத் திட்டுவோம். எலும்பு நட் ஒன்றைச் சரியாக வெட்டி வைத்து, ஃப்ரெட்டுகளை ஒரே மட்டத்துக்கு ராவி, விளிம்புகளை உருட்டிவிட்டால், கைக்குத் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். விலை உயர்ந்த கிட்டாரில் நாம் காசு கொடுத்து வாங்குவதில் ஒரு பெரிய பகுதி இந்தக் கைவேலைதான். அதிலும் சில நேரம் ஏமாற்றம் உண்டு. நண்பர் ஒருவர் லட்சங்கள் கொடுத்து இறக்கிய கிட்டாருக்கு வந்த வாரமே நட் வேலை பார்க்க வேண்டியிருந்தது.

பிக்கப் அதற்கு அப்புறம்தான். கிப்ஸனின் பழைய ஹம்பக்கர் ஒவ்வொரு காயிலிலும் 42 கேஜ் கம்பி சுமார் 5,000 சுற்று. எங்கள் தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் செத்துப்போன பிக்கப் ஒன்றைக் காட்டினேன். கவரைக் கழற்றி, கம்பியை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்குத்தான் அம்புட்டு ரூவாயுங்களா?” என்றார். காந்தமும் கம்பியும்தான் அண்ணா என்றேன். அவர் நம்பவில்லை.

இதில் ஒரு வில்லங்கம். வயிறு வெற்றில்லாத, முழுக்கட்டை கிட்டாரில் பின்மூடியைக் கழற்றினால் வயரிங் தெரியும். ஹாலோபாடியில் பெரும்பாலும் அப்படி ஒரு மூடியே இல்லை. வால்யூம், டோன், சுவிட்ச், ஜாக் எல்லாவற்றையும் எஃப் ஓட்டை வழியாக வெளியே இழுத்து, ஒவ்வொன்றின் தண்டிலும் நூல் கட்டி, ஈயம் பத்தவைத்து முடித்து, அதே நூலைப் பிடித்து அதனதன் துளைக்கு மறுபடி கொண்டுவர வேண்டும். ஒரு நூல் அவிழ்ந்தால் முதலிலிருந்து. அதனால் இதைத் தவணை முறையில் செய்யாதீர்கள். இந்த மாதம் பிக்கப், அடுத்த மாதம் பாட் (வால்யூம், டோன் திருகு) என்று போனால் கூலி இரண்டு மடங்கு. திறக்கிற ஒரே தடவையில் பிக்கப், 500 கே பாட், சுவிட்ச், ஜாக் எல்லாம் மாற்றிவிட வேண்டும்.

நம் ஊர் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாசி, பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கும், ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வந்ததும் கழுத்தின் வளைவு மாறும். இது விலையைப் பார்த்து நடப்பதில்லை. சொல்லப்போனால் கிப்ஸனின் நைட்ரோ வார்னிஷ்தான் தொட்டாற்சுருங்கி. வெப்பம் சட்டென மாறினால் விரிசல் விடும், சில ரப்பர் ஸ்டாண்டில் வைத்தாலே கறை பிடிக்கும். மலிவு கிட்டாரின் தடித்த பாலி பூச்சு எதற்கும் அசையாது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. அப்கிரேடுக்குப் போட்ட காசு விற்கும்போது திரும்பாது. 1968-ல் ஜான் லெனன் தன் கேசினோவின் பூச்சைச் சுரண்டி எடுத்து வெறும் மரமாக்கினார், பிற்பாடு அதைப் பார்த்தே எபிஃபோன் தனி மாடல் போட்டது. நாம் சுரண்டினால் பாதி விலைக்குக் கேட்பார்கள். அப்புறம், முழு ஸ்ப்ரூஸ் பலகையைச் செதுக்கிச் செய்த ஆர்ச்டாப்பில் (மேல்பலகை வளைந்த கிட்டார்) ஜாஸ் வாசிக்க வேண்டும், வீட்டில் ஆம்ப் இல்லாமலே அது பேச வேண்டும் என்றால் அங்கே என் வாதம் செல்லாது. அந்தச் சத்தத்தை எந்தப் பிக்கப்பும் பிளைவுட்டுக்குக் கொடுக்காது. அதற்கு உண்டியல் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வாசிப்பது அது இல்லையே.

இப்போதைக்கு அவன் கிட்டார் ஃப்ரெட் வேலைக்குப் போகிறது. “பிக்ஸ்பியும் போட்டுரட்டுங்களா மாமா?” என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. சுருதியை ஆட்டும் அந்த ஆட்டுக்கம்பியை நட் சரியாகாமல் போட்டால் பாட்டுக்குப் பாட்டு டியூன் பண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அது பிறகு.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஃப்ரெட் ராவி எலும்பு நட் வெட்டும் கைவேலைக்காரர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், நீங்களே அவரிடம் கொடுத்து வாங்கியிருந்தால் மட்டும், கீழே சொல்லுங்கள். பெங்களூருக்கு பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்ப என் அக்கா விட மாட்டேன் என்கிறாள்.